தற்காப்புக்கு வாத்தியார் தேடுவது எப்படி?

(கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைத் தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் கடவுளைப் பற்றியதல்ல; சாஸ்திரத்தைப் பற்றியதுமல்ல. சிப்காட் ஆலைகளில் வேலை செய்கின்ற பெண்களும், பொன்னேரி, கவரைப்பேட்டை, எளாவூர், ஆரம்பாக்கம் முதலிய இடங்களிலிருந்து ரயிலேறி வருகின்ற வாலிபர்களும், "தற்காப்புப் பயிற்சி கற்றுக்கொள்ளலாமென்றிருக்கின்றோம். ஊரில் நாலு வாத்தியார்கள் இருக்கின்றார்கள். நாலு பேரும் நாலு விதமாய்ச் சொல்லுகின்றார்கள். யாரிடம் போவது?" என்று கேட்டிருக்கின்றார்கள். இதைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கின்றதென்று சிலருக்குத் தோன்றலாம். நாம் பயில்வானுமல்ல, சிலம்பம் சுற்றத் தெரிந்தவர்களுமல்ல. ஆனால் ஜோசியனையும், மந்திரவாதியையும், சாமியாடியையும் பரீட்சை செய்து பார்க்க எந்த அறிவு வேண்டுமோ, அதே அறிவுதான் இந்த வாத்தியார்களைப் பரீட்சை செய்யவும் வேண்டியிருக்கின்றது. "குடி அரசு" 1925இல் துவங்கிய காலந்தொட்டு நம் இயக்கத்தார் அந்த வேலையைத்தான் செய்து வருகின்றார்கள். ஆகையால்தான் ஒப்புக்கொண்டு வந்தோம்.

முதலாவதாக, நம் நாட்டில் "குரு" என்கின்ற வார்த்தைக்கு இருந்து வரும் மரியாதையைக் கொஞ்சம் கவனிப்போம். பாரதத்தில் வில் வித்தைக்குப் பேர்போன வாத்தியார் துரோணர். அவரிடம் ஏகலைவன் என்கின்ற வேடர் பையன் போய்க் கற்றுக்கொடுக்கும்படி கேட்டான். ஜாதி சரியில்லையென்று திருப்பியனுப்பப்பட்டான். அவன் காட்டுக்குப் போய், மண்ணால் ஒரு பொம்மையைச் செய்து வைத்துக்கொண்டு, தன் சொந்த முயற்சியாலேயே கற்றுத் தேறினான். தேறின பிறகு, ஒரு பாடமும் சொல்லிக்கொடுக்காத வாத்தியார் தக்ஷணை கேட்க வந்துவிட்டார். என்ன தக்ஷணை? வலது கைக் கட்டை விரல்! இன்னொரு வாத்தியார் பரசுராமர். கர்ணன் ஜாதியை மறைத்துப் படித்தான் என்பதற்காக, படித்ததெல்லாம் உயிர் போகின்ற சமயத்தில் மறந்து போகட்டும் என்று சாபம் கொடுத்தார். இவர்கள் உத்தம குருக்களாம்! விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கென்று ஒன்றிய சர்க்கார் 1985 முதல் கொடுத்து வரும் விருதுக்குக்கூட "துரோணாச்சாரியார் விருது" என்றுதான் பேர். பையனுடைய விரலை வெட்டி வாங்கினவர் பேரால் வாத்தியார்களுக்குப் பரிசு! கொடுக்கின்றவர்களுக்கும் வெட்கமில்லை, வாங்குகின்றவர்களும் அதைப்பற்றி யோசிப்பதாகக் காணோம். அது நிற்க.

இந்தக் கதையை ஏன் சொன்னோமென்றால், வாத்தியாரைத் தெய்வமாக்கிவிட்டால் அப்புறம் அவரைக் கேள்வி கேட்க முடியாது. கணக்கு வாத்தியாரைக் கேள்வி கேட்காவிட்டால் பரீட்சையில் மார்க்குக் குறையும். தற்காப்பு வாத்தியாரைக் கேள்வி கேட்காவிட்டால், ஒரு நாள் ராத்திரி உயிரோ மானமோ போய்விடும். இங்கே இரும்பு உருட்டாலைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்கின்ற தோழர்கள் அநேகம்பேர் உட்கார்ந்திருக்கின்றீர்கள். வெல்டிங் கற்றுக்கொடுக்கும் மேஸ்திரியை நீங்கள் கும்பிடுகின்றீர்களா? அவர் பற்றவைத்த இடத்தைச் சுத்தியால் தட்டிப் பார்க்கின்றீர்கள், வளைத்துப் பார்க்கின்றீர்கள். விட்டுப் போனால் "மேஸ்திரி, இது நிற்கவில்லையே" என்கின்றீர்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி பற்ற வைக்கின்றார். தற்காப்பு வாத்தியாரும் அப்படி ஒரு மேஸ்திரிதான். அவருடைய வித்தையைத் தட்டிப் பார்க்க அவர் சம்மதிக்கின்றாரா என்பதே முதல் கேள்வி. சம்மதியாதவரிடம் இரண்டாவது கேள்வி கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

தட்டிப் பார்க்காமல் நம்பினவர்கள் கதி என்னவாயிற்று என்பதற்கு உலக சரித்திரத்தில் வேண்டிய உதாரணங்கள் இருக்கின்றன. சீனாவில் 1900ஆம் வருஷம் அன்னியர் ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளம்பின குத்துச்சண்டைக் கூட்டத்தார், மந்திரம் ஜெபித்துப் பயிற்சி செய்தால் துப்பாக்கிக் குண்டு தங்களைத் துளைக்காதென்று நம்பினார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில், இப்போது டான்சானியா என்கின்ற நாட்டில், 1905இல் ஜெர்மானியரை எதிர்த்த மக்களுக்கு ஒரு சாமியாடி மந்திரத் தண்ணீர் கொடுத்தார். அதைத் தெளித்துக்கொண்டால் குண்டு தண்ணீராகிவிடுமென்றார். தண்ணீராகவில்லை. அவர்களுடைய போராட்டம் நியாயமானது. அவர்களுடைய தைரியத்தில் நமக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நியாயமும் தைரியமும் ஒரு பொய்யை மெய்யாக்கிவிடுமா? திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் குளத்தில் வெல்லத்தைப் போட்டால் உடம்பிலுள்ள நோயும் அதுபோல் கரையுமென்று நம்புகின்றவனுக்கு நஷ்டம் பெரும்பாலும் வெல்லத்தோடு போய்விடுகின்றது. குண்டுக்கு முன்னால் அப்படிப் போகவில்லை.

"அதெல்லாம் பழைய காலம்" என்பீர்கள். ஜப்பானில் யானகி ரியூகென் என்று ஒரு வாத்தியார். அவர் தூரத்தில் நின்று கையை வீசுவார். அவருடைய சிஷ்யர்கள் பத்துப் பதினைந்து பேர் தொடாமலேயே பொத்துப் பொத்தென்று விழுவார்கள். உள்ளுக்குள்ளிருக்கும் சக்தியால் தள்ளுகின்றாராம்! வெகு காலம் இப்படி நடந்து, கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார் போலிருக்கின்றது. 2006இல் பந்தயம் கட்டி, தன் சிஷ்யனல்லாத ஒரு சண்டைக்காரனுடன் மேடையேறினார். வந்தவன் விழவில்லை; முகத்தில் குத்தினான். கிழவர் மூக்கில் ரத்தம் வடியக் கீழே கிடந்தார். சீனாவில் 2017 ஏப்ரலில் தாய்ச்சி வாத்தியார் ஒருவருடன் ஷூ ஷியாவ்தோங் என்கின்ற சண்டைக்காரர் மோதினார். அரை நிமிஷத்துக்குள் முடிந்துபோயிற்று. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? தோற்ற வித்தையைத் திருத்தவில்லை. ஜெயித்தவனைக் கண்டித்து அறிக்கை போட்டார்கள். சமூக வலைத்தளத்தில் அவனுடைய கணக்கை மூடினார்கள். தேசத்தின் பழம்பெருமையைக் கெடுத்துவிட்டானாம்! சோதித்துப் பார்த்தவனைத் துரோகி என்கின்ற வழக்கம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த ஜப்பான் வாத்தியாருடைய சிஷ்யர்கள் பொய்யர்களா என்றால், அவர்களைக்கூட நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். முதல் நாள் பக்கத்திலிருப்பவன் விழுகின்றான். நாம் விழாமல் நின்றால் வாத்தியாருக்கு அவமானமாயிற்றே என்று இவனும் விழுகின்றான். ஆறு மாதத்தில் அவனுக்கே நிஜமாய்த் தள்ளப்பட்டதாகத் தோன்றுகின்றது. ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும்போது உடுக்கைச் சப்தம் கேட்டதும் ஆடுகின்றார்களே, அவர்களெல்லோரும் வேண்டுமென்றா நடிக்கின்றார்கள்? கூட்டத்தின் எதிர்பார்ப்பு ஆட்டி வைக்கின்றது. ஆகவே நீங்கள் ஒரு பயிற்சிக் கூடத்துக்குப் போனால் வாத்தியாரைப் பார்க்கும் முன் சிஷ்யர்களைப் பாருங்கள். அவர்கள் விழுகின்றார்களா, விழுத்தப்படுகின்றார்களா என்று பாருங்கள்.

நம்மூர்ச் சரக்குக்கு வருவோம். வர்மம் என்று ஒன்று சொல்லுகின்றார்கள். 1996இல் "இந்தியன்" படம் வந்த பிறகு இதற்குப் பட்டிதொட்டியெல்லாம் மவுசு. இரண்டு விரலால் ஓரிடத்தைத் தட்டினால் ஆள் அப்படியே விறைத்துப் போவானாம். இன்னோரிடத்தைத் தட்டினால் இத்தனாம் நாள் இத்தனை நாழிகைக்குச் சாவானாம். அகத்தியர் எழுதி வைத்திருக்கின்றாராம். உடம்பில் அடிபட்டால் அபாயமான இடங்கள் உண்டென்பது வாஸ்தவம். கண், தொண்டை, விதை, முழங்கால், காதுக்குக் கீழே தாடை, இவைகளில் பலமாய்ப் பட்டால் எவனும் துடிப்பான். இதற்கு அகத்தியர் வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டாலே சொல்லுவார். ஆனால் நின்ற இடத்தில் நிற்கின்ற சிஷ்யன் மேல் விரல் வைப்பது வேறு. கையைப் பிடித்து இழுத்து, தள்ளி, அறைகின்றவன் மேல் அந்த ஒரு விரற்கடை இடத்தைக் கண்டுபிடிப்பது வேறு. பயத்தில் மார்பு அடித்துக்கொள்ளும்போது கைவிரல்கள் நடுங்குகின்றன, பார்வை குறுகுகின்றது, பூட்டில் சாவி நுழைக்கக்கூட முடிவதில்லை. அந்த நிலைமையில் நுணுக்கமான வித்தை உதவாது. முரட்டுத்தனமான, சுலபமான நாலைந்து காரியங்கள்தான் கைகொடுக்கும். "ரகசியம்" என்று எவராவது சொன்னால், அதற்கு இன்னும் கொஞ்சம் பணம் கேட்கப்போகின்றார் என்று அர்த்தம் செய்துகொள்ளுங்கள்.

பழம்பெருமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர்தான் சீனாவுக்கே சண்டைக் கலையைக் கற்றுக்கொடுத்தாரென்று நம்மவர்கள் மார்தட்டுகின்றார்கள். 2011இல் அதை வைத்துப் படமும் எடுத்தார்கள். இந்தக் கதைக்கு ஆதாரம் 1624ஆம் வருஷத் தேதியிட்ட ஒரு சீனப் புஸ்தகம். போதிதர்மர் காலத்துக்கும் அதற்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. அந்தப் புஸ்தகத்தின் முன்னுரைகளே புனைசுருட்டு என்று தாங் ஹாவ் என்கின்ற சீனச் சரித்திர ஆசிரியர் 1930களிலேயே எடுத்துக்காட்டியிருக்கின்றார். தமிழனுக்குப் பெருமை வருகின்றதென்பதற்காக நாம் பொய்யை ஒப்புக்கொள்ளலாமா? சரி, உண்மையென்றே வைத்துக்கொள்ளுவோம். போதிதர்மர் கெட்டிக்காரராயிருந்தால் உங்கள் வாத்தியாருக்கு என்ன வந்தது? தாத்தா யானை மேல் போனால் பேரனுக்குத் தழும்பா ஏறும்?

இனி மேடை வித்தைகள். பள்ளிக்கூட ஆண்டு விழாவென்றால் ஓடு உடைக்கின்றார்கள். டியூப்லைட்டை முதுகில் அடித்து நொறுக்குகின்றார்கள். வயிற்றின் மேல் மோட்டார் சைக்கிள் ஏற்றுகின்றார்கள். ஆணிப் பலகையில் படுக்கின்றார்கள். ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கின்றார்கள். நம் தோழர்கள் முதுகில் அலகு குத்திக் கார் இழுத்துக் காட்டவில்லையா? தீ மிதித்துக் காட்டவில்லையா? கடவுள் அருளாலா செய்தார்கள்? தோலின் பலத்தையும், தணல் மேல் கால் நிற்கும் நேரத்தையும் தெரிந்துகொண்டு செய்தார்கள். ஓட்டு வித்தையும் அதே ஜாதிதான். ஓடுகளுக்கு நடுவில் இடைவெளி விட்டு அடுக்கினால் மேல் ஓடு உடைந்து விழுகின்ற வேகம் கீழ் ஓட்டுக்குப் போகின்றது. பலகையை நார் ஓட்டத்தை அனுசரித்து அறுத்துக் காயவைத்தால் சின்னப் பிள்ளையும் உடைக்கலாம். நூற்றுக்கணக்கான ஆணிகளில் பாரம் பிரிந்து போவதால் ஒன்றும் குத்துவதில்லை. டியூப்லைட்டோ மெல்லிய கண்ணாடி. அதற்குள் பாதரசம் இருக்கின்றது. அதைக் குழந்தைகள் மத்தியில் உடைக்கின்றவரைத் தற்காப்பு வாத்தியாரென்று எப்படிச் சொல்லுவது? இவைகளில் எதுவும் உங்கள் கையைப் பிடித்திழுப்பவனிடமிருந்து உங்களை விடுவிக்காது. ஓடு திருப்பி அடிப்பதில்லை. பலகை சட்டையைப் பிடித்து இழுப்பதில்லை.

சரி, எப்படித்தான் பரீட்சிப்பது? இதற்கு நல்ல வழி காட்டினவர் ஜப்பானில் ஜிகோரோ கானோ என்கின்ற பள்ளிக்கூட உபாத்தியாயர். 1882இல் அவர் டோக்கியோவில் பள்ளி துவங்கின காலத்தில் பழைய வித்தைக்காரர்கள் ஆளுக்கொரு ரகசியம் வைத்திருந்தார்கள். இவர் செய்த காரியம் என்னவென்றால், உயிருக்கு அபாயமான அடிகளைத் தள்ளி வைத்தார். மீதியை இரண்டு மாணவர்கள் ஒருவரையொருவர் நிஜமாகவே தள்ளவும் எதிர்க்கவும்கூடிய விளையாட்டாக்கினார். அடிபடாமல் விழுவது எப்படி என்பதை முதல் பாடமாக வைத்தார். எதிராளி ஒத்துழைக்க மாட்டான். ஆகவே எது வேலை செய்கின்றது, எது செய்யவில்லை என்பது தினந்தோறும் பாயின் மேலேயே தெரிந்துபோகின்றது. யாரும் வாத்தியார் வாக்கை நம்பவேண்டிய அவசியமில்லை. மற்ற நாடுகளிலுள்ள குத்துச்சண்டையும், நம்மூர்க் குஸ்தியும் பலமாயிருப்பதற்கும் காரணம் இதுதான்.

ஆகவே ஒரு கூடத்துக்குப் போனால் முதல் வாரம் பணம் கட்டாமல் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எதிர்க்கின்ற ஆளோடு பயிற்சி நடக்கின்றதா, அல்லது வரிசையாக நின்று காற்றைக் குத்திவிட்டு வீட்டுக்குப் போகின்றார்களா? "நான் வேறு மாதிரி பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு புதுப் பையன் கேட்டால் வாத்தியார் சிரித்துக்கொண்டு செய்து காட்டுகின்றாரா, அல்லது முகம் சிவந்து அவன் கையை முறுக்கி அலற விடுகின்றாரா? தனக்குத் தெரியாததைத் தெரியாதென்கின்றாரா? பக்கத்து ஊர்க் கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்புகின்றாரா, அல்லது அங்கே போனால் இங்கே வராதே என்கின்றாரா?

கத்தியைப் பிடுங்கக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லுகின்றவர்களுக்கு ஒரு சுலபமான பரீட்சை சொல்லுகின்றோம். வாத்தியார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளட்டும். ஒரு சாதாரண ஆள் கையில் சிவப்பு மை தோய்ந்த குச்சியைக் கொடுங்கள். ஒரே ஒரு தடவை மெதுவாக நீட்டிவிட்டுச் சிலைபோல் நிற்கச் சொல்லாமல், தன்னிஷ்டப்படி அரை நிமிஷம் குத்தவும் இழுக்கவும் சொல்லுங்கள். பிறகு சட்டையில் சிவப்பை எண்ணுங்கள். நாம் ஒரு தடவை இப்படிச் செய்யச் சொல்லிப் பார்த்தோம். அந்த வாத்தியார் நல்ல திறமைசாலி. கடைசியில் குச்சியைப் பிடுங்கியும் விட்டார். ஆனால் சட்டையில் 9 கோடு இருந்தது, ஒன்று கழுத்தில்! அவர் யோக்கியர். சட்டையைக் கழற்றிக் கொடியில் தொங்கவிட்டு, "இனிமேல் கத்திப் பாடத்தில் முதல் ஒரு மணி நேரம் ஓடுவதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்" என்றார். அப்படிப்பட்டவரிடம் பிள்ளைகளை அனுப்பலாம். அவர் தோற்றுப் போனதால்தான் அவர் மேல் நமக்கு நம்பிக்கை வந்தது.

சிலம்பத்தை நாம் குறை சொல்லுவதாக நினைத்துவிடாதீர்கள். எதிராளியோடு நிஜமாய் மோதி விளையாடுகின்ற சிலம்பத்தில் கால் வைக்கும் முறையும், இடைவெளி கணிக்கும் கண்ணும் நன்றாய் வரும். ஆனால் கம்பைச் சுற்றுவது ஒன்று. கம்பால் காத்துக்கொள்ளுவது இன்னொன்று. தலை உயரக் கம்பை எந்தப் பெண் மின்சார ரயிலில் எடுத்துக்கொண்டு போகின்றாள்? அலங்காரச் சுற்றுக்கு மெடல் வாங்கட்டும், சந்தோஷம். அதைத் தற்காப்பென்று விற்கவேண்டாம். கராத்தேயும் அப்படித்தான். "எண்டர் தி டிராகன்" 1973இல் வந்த பிறகு புரூஸ் லீ படத்தை மாட்டாத கூடமில்லை. இந்த வர்ணக் கச்சைகள் ஏதோ ஆதிகாலத்துச் சடங்கென்று நினைக்கின்றார்கள். கானோ வைத்தது வெள்ளையும் கறுப்பும்தான். மஞ்சள், பச்சை, நீலமெல்லாம் பிற்பாடு 1930களில் ஐரோப்பாவில் பரவினவை. மாணவனுக்கு உற்சாகம் தருவதற்காக வந்தது. நம்மூரில் அது ஒவ்வொரு வர்ணத்துக்கும் பரீட்சைக் கட்டணம், கச்சைக்கு ஒரு விலை, சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு விலை என்று, திவசத்துக்குச் சாமான் ஜாபிதா போடுவதுபோல் ஆகிவிட்டது. இத்தனை மாதத்தில் கறுப்புக் கச்சை நிச்சயம் என்று விளம்பரம் செய்கின்றவர் கச்சை வியாபாரி. அவரிடம் கச்சை கிடைக்கும்.

இப்போது மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகின்றோம். தாய்மார்கள் கவனிக்கவேண்டும். தற்காப்பு வகுப்பில் சொல்லிக்கொடுக்கப்படும் எதிரி யார்? இருட்டுச் சந்தில் முகமூடி போட்டுக்கொண்டு பாய்கின்ற அன்னியன். வாஸ்தவத்தில் யார்? தேசியக் குற்றப்பதிவுத் துறையின் கணக்குப்படி, பலாத்கார வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன்: பக்கத்து வீட்டுக்காரன், உறவினன், சூபர்வைசர், கல்யாணம் செய்துகொள்ளுவதாகச் சொன்னவன். மாமன் முகத்தில் குத்தவேண்டுமென்றால் கைக்குப் பலம் போதாது. "பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, சிரித்துச் சமாளி, சத்தம் போட்டால் குடும்ப மானம் போய்விடும்" என்று பிறந்ததிலிருந்து ஊட்டியிருக்கும் விஷம் முதலில் இறங்கவேண்டும். ஒரு பெண்ணுக்கு நம் சமூகம் கற்றுக்கொடுத்திருக்கும் அடக்கம் இருக்கின்றதே, அதுவே எதிரியின் முதல் ஆயுதம். "வேண்டாம், கையை எடு" என்று உரக்கச் சொல்ல அவளுக்குத் தொண்டை எழும்பாவிட்டால், 20 விதமான உதை தெரிந்தும் ஒன்றும் எழும்பாது.

இது வெறும் பேச்சல்ல. கனடாவில் 3 பல்கலைக்கழகங்களில் முதல் வருஷ மாணவிகள் 893 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் துண்டுப் பிரசுரங்கள் மாத்திரம் கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் உதை குத்து கொஞ்சம். தெரிந்தவனிடம் அபாயத்தை அடையாளம் காண்பது, தயக்கத்தை உடைப்பது, உரக்க மறுப்பது, தனக்கு வேண்டியது எது வேண்டாதது எது என்று தெரிந்துகொள்ளுவது ஆகியவை மிகுதி. ஒரு வருஷம் கழித்து விசாரித்தால், பிரசுரம் வாங்கின பெண்களில் பலாத்காரத்துக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 9.8, பயிற்சி பெற்றவர்களில் 5.2. ஷார்லீன் சென் என்கின்ற அம்மையார் தலைமையில் நடந்த இந்த ஆராய்ச்சி 2015இல் நியூ இங்கிலாந்து வைத்திய சஞ்சிகையில் வெளியாயிற்று. பாதியாய்க் குறைந்தது, பூஜ்யமாகவில்லை என்பதையும் கவனியுங்கள். நூற்றுக்கு நூறு காப்பாற்றுவேன் என்கின்றவர் மந்திரவாதி. நம் அரசுப் பள்ளிகளிலும் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலுள்ள பெண்களுக்கு மூன்று மாதத் தற்காப்பு வகுப்பு நடந்து வந்திருக்கின்றது. அதில் தெரிந்தவனை எதிர்ப்பதைப் பற்றி எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்களென்று பெற்றோர்கள் கேட்கவேண்டும்.

நல்ல வாத்தியார் சட்டத்தையும் தெரிந்தவராயிருக்கவேண்டும். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கின்றது. அதில் 34 முதல் 44 வரையிலுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ள அடிப்பது குற்றமல்ல. ஆனால் காத்துக்கொள்ள எவ்வளவு தேவையோ அதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. கொலை, கொடுங்காயம், பலாத்காரம், கடத்தல், திராவக வீச்சு முதலியவை நேருமென்று நியாயமாய்ப் பயப்படும்போது எதிராளி செத்தாலும் உரிமை உண்டு. அவன் விழுந்தபிறகு, அபாயம் நீங்கினபிறகு, கோபத்தில் மிதித்தால் அது தற்காப்பல்ல. விழுந்தவன் மண்டையை மிதிப்பதைப் பாடமாக வைத்திருக்கின்ற வாத்தியார் உங்களை ஆஸ்பத்திரிக்குத் தப்புவித்து ஜெயிலுக்கு அனுப்புகின்றார். விடுவித்துக்கொள், ஓடு, சத்தம் போடு, 112க்கோ 181க்கோ போன் செய் என்பதைத் தினமும் பாடத்தின் கடைசியில் சொல்லுகின்றவரே வாத்தியார்.

வாத்தியாரே எதிரியாயிருந்தால்? இதையும் பேசத்தான் வேண்டும். 2021இல் சென்னையில் தற்காப்புக் கலை கற்பித்து வந்த ஒரு பயிற்சியாளர் மாணவிகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் புகார் எழுந்து கைது செய்யப்பட்டார். "குரு", "ஆசான்" என்று காலில் விழப் பழக்கின பிள்ளை, அந்தக் கை தப்பான இடத்தில் படும்போது எப்படி எதிர்க்கும்? ஆகவே பெற்றோர் எந்நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம் என்கின்ற கூடமாய்ப் பாருங்கள். கதவைச் சாத்திக்கொள்ளுகின்ற இடம் வேண்டாம். தனியாக விசேஷப் பயிற்சி, வெளியூர்ப் போட்டிக்குத் தனியாக அழைத்துப் போவது வேண்டவே வேண்டாம். கூடுமானவரை பெண்களுக்குப் பெண்களே வாத்தியாராகட்டும். பெண்ணால் ஆகுமா என்கின்றீர்களா? இங்கிலாந்தில் ஓட்டுரிமைக்காகப் போராடின பெண்களுக்கு 1913 சமயத்தில் ஜுஜுத்ஸு கற்றுக்கொடுத்தவர் எடித் கேரட் என்கின்ற அம்மாள். ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். பாங்க்கர்ஸ்ட் அம்மையாரைப் போலீசார் பிடிக்க வந்தபோது குறுக்கே நின்ற பெண்கள் படை அவர் பழக்கினது. இந்தத் திருவள்ளூர் ஜில்லா 1997 வரை செங்கற்பட்டு ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. 1929 பிப்ரவரியில் அந்தச் செங்கற்பட்டில்தான் நம் முதல் மாகாண மாநாடு கூடிப் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டுமென்றும், ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்றும் தீர்மானித்தது. சொத்தில் பங்கு கேட்ட மண்ணில் தன் உடம்பைக் காக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையிலும் பெண் பங்கு கேட்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாமும் புரட்டர்களாவோம். 2025 ஜூலையில் ஆரம்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமை உங்களுக்கெல்லாம் தெரியும். அப்பேர்ப்பட்ட குழந்தைக்குக் கராத்தே தெரிந்திருக்கலாமே என்று எவராவது பேசினால், அவர் வாயை அங்கேயே அடக்குங்கள். குழந்தையைக் காப்பது குழந்தையின் வேலையல்ல. அது ரயில்வேயின் வேலை, போலீசின் வேலை, பஞ்சாயத்தின் வேலை, பெரியவர்களாகிய நம் எல்லோருடைய வேலை. வீதி விளக்குப் போடாதவன் பெண்ணுக்குக் குத்துச்சண்டை சிபார்சு செய்வது, சாக்கடை வாராதவன் காய்ச்சலுக்குத் தாயத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லுவதுபோலாகும்.

மேடைக்குத் துண்டுச் சீட்டுகள் வந்திருக்கின்றன. நேரமாகிவிட்டபடியால் மூன்றுக்கு மாத்திரம் பதில் சொல்லுகின்றோம்.

"ஆசான் காலைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் கம்பைத் தொடவேண்டும் என்கின்றார். செய்யலாமா?" என்று ஒரு தோழர் கேட்கின்றார். ஜூடோ கூடத்தில் மாணவன் குனிந்தால் வாத்தியாரும் குனிகின்றார். அது மரியாதை. உங்கள் ஆசானும் உங்கள் காலைத் தொடுவதாயிருந்தால் நீங்களும் தொடுங்கள்.

"காலனிப் பிள்ளைகளைத் தனி வரிசையில் நிறுத்துகின்றார். ஆனால் வித்தை நன்றாகத் தெரிந்தவர்" என்று ஒரு சீட்டு. துரோணருக்குக்கூட வித்தை நன்றாகத்தான் தெரியும். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளில் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். யூனியன் கட்டிடத்துக் கொட்டகை சாயங்காலத்தில் காலியாகத்தானே இருக்கின்றது? நாலு பாய், ஒரு பெண் வாத்தியார் போதும்.

மூன்றாவது சீட்டு ஒரு தாயார் எழுதினது. "ராத்திரி ஷிப்டு முடிந்து பஸ் நிறுத்தத்திலிருந்து ஒன்றரை மைல் நடக்கின்றோம். வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி எடுத்தால் பயமில்லாமல் போகலாம்?" என்கின்றார். அம்மா, பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள் எடுங்கள். ஆனால் நீங்கள் நடக்கவே கூடாது. பெண்கள் ராத்திரி வேலை செய்யக்கூடாதென்றிருந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் வருஷத்தில் நீக்கினபோது, முதலாளி வண்டி வசதி செய்யவேண்டுமென்பது உட்படப் பல நிபந்தனைகள் போட்டிருக்கின்றது. 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் உங்கள் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் இல்லாமல் ராத்திரி வேலை வாங்கக்கூடாதென்கின்றது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கின்ற இடத்தில் 2013ஆம் வருஷச் சட்டப்படி பெண்கள் புகாரை விசாரிக்கும் கமிட்டி இருந்தாகவேண்டும். உங்கள் கம்பெனியில் அதில் யார் யார் இருக்கின்றார்களென்று நாளைக்கே கேளுங்கள். வண்டிக்காக மனு எழுதவேண்டும். அந்த ஷிப்டில் வேலை செய்கின்ற பெண்கள் அனைவரும் கூட்டம் கலைந்ததும் மேடைக்கு இடது பக்கம் வந்து பேர் கொடுங்கள். எழுதத் தெரிந்த தோழர்கள் காகிதம் பேனாவோடு அங்கே இருப்பார்கள்.